பெயரில்லாமல் நின்றவன்

"அத்தான், வாயைத் திறங்க. ஒரே ஒரு வாய்தான். அத்தான்... எசாயாஸ்!"

அமாலியா கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். மடியில் இருந்த இரண்டேகால் வயதுக் குழந்தை, கப்பலின் ஜன்னலுக்கு வெளியே மெல்ல நகர்ந்துபோகும் பனிமலைகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். கரண்டி கிண்ணத்தில் பட்டதும் திரும்பினான். பக்கத்து மேசையில் ஜெர்மன்காரர் ஒருவர் தும்மியதும் திரும்பினான். பெயருக்கு மட்டும் திரும்பவில்லை.

எதிரே காபியை ஊதிக்கொண்டிருந்த அக்கா தொர்த்தேயா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"என்னடி, உன் அத்தானுக்கு இன்னைக்கு என்ன கோபம்?"

"உன் வீட்டுக்காரர்தானே, நீயே கேளு. விடிஞ்சதுலருந்து இப்படித்தான். கூப்பிட்டா கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கார்."

தொர்த்தேயா மேசைக்கு மேல் குனிந்தாள். "ஏங்க. எசாயாஸ். பொண்டாட்டி கூப்பிடறேன், திரும்ப மாட்டீங்களா?"

சுற்றியிருந்த பயணிகள் சிரித்தார்கள். கப்பல் ஏறிய நாளிலிருந்து அவர்களுக்கு இது தினப்படி வேடிக்கை. ஊர்க்கதை சொல்வதற்காகக் கப்பல்காரர்கள் அமாலியாவை ஏற்றியிருந்தார்கள். கரை இறங்கும்போது வெள்ளைக்கரடி வந்தால் பார்த்துக்கொள்ளத் துப்பாக்கியோடு தொர்த்தேயாவை. முதல் நாளே அமாலியா கூடத்தில் நின்று, "எங்க பக்கம் ஒருத்தர் செத்துட்டா, அடுத்துப் பொறக்கற பிள்ளைக்கு அவர் பேரை வைப்போம். பேரோட ஆளும் வந்துடுவார்" என்று சொல்லி, மகனைத் தூக்கிக் காட்டி, "இவர்தான் எங்கக்கா புருஷன்" என்று கைதட்டல் வாங்கியிருந்தாள்.

தொர்த்தேயா குழந்தையின் கன்னத்தைத் தொட்டாள். கன்னத்தின் மென்மை அப்படியே இருந்தது. ஆனால் ராத்திரி முழுக்க வெளியே கிடந்த சாமானைத் தொட்டது போல விரல் நுனி சில்லிட்டது.

கப்பல் டாக்டர் காதில் விளக்கடித்துப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், மார்பில் குழாயை வைத்தார். "காது ரெண்டும் நல்லா இருக்கு. உடம்புச் சூடுதான் குறைவா இருக்கு, முப்பத்தேழு டிகிரி இருக்கணும், முப்பத்தஞ்சுதான் இருக்கு. கம்பளியை நல்லா சுத்துங்க, பாப்போம்" என்றார். சாயங்காலம் பார்த்தபோது முப்பத்து நாலு. அதற்கப்புறம் அவர் சிரிக்கவில்லை.

ஜூலை மாதம். சூரியன் வானத்தைச் சுற்றி வந்ததே தவிர இறங்கவில்லை. ஃபியார்டு என்னும் அந்தக் குறுகிய கடற்கழியின் இரண்டு பக்கமும் மலைகள் செங்கல் நிறத்தில் எழுந்து நின்றன, நடுவே தண்ணீர் எண்ணெய் போல அசையாமல் கிடந்தது. அதில் வீடு அளவு பனியும் தேர் அளவு பனியும் மிதந்தன. அவை உருகும்போது உள்ளே அடைபட்டிருந்த பழைய காற்று வெடித்துக் கிளம்பும் சத்தம், யாரோ வாய்க்குள்ளேயே முணுமுணுப்பது போல, அறைக்குள் படுத்திருப்பவர்களுக்கும் கேட்டுக்கொண்டிருந்தது. திரையை எவ்வளவு இழுத்து மூடினாலும் விளிம்பில் ஒரு வெளிச்சக்கோடு நின்றது. ஒளிய இடமில்லாத வெளிச்சம்.

அந்தக் கோட்டைப் பார்த்தபடியே அமாலியா கேட்டாள்:

"அக்கா, ஒண்ணு கேட்கவா? திட்ட மாட்டியே?"

"கேளு."

"அத்தான் முங்கினதை நீ கண்ணால பார்த்தேதானே?"

"எத்தனை தடவைடி சொல்றது? பனி பிளந்துச்சு. விழுந்தார். முங்கினார். தலை மறுபடி மேல வரல."

"அதில்ல... உயிரோட இருக்கறவர் பேரைத் தெரியாம வச்சுட்டா, பேரு அவரைத் தேடிப் போயிடும்னு சொல்வாங்களே. ஒரு பேரு ரெண்டு உடம்புல தங்காது. பேரு கிளம்பிட்ட உடம்பு..."

"வாயை மூடு."

"வேற பேரு வச்சுப் பார்ப்போமா?"

"யாரு பேரை வைப்ப? ஊர்ல செத்தவங்க பேரெல்லாம் ஏதாவது ஒரு பிள்ளைகிட்ட இருக்கு. எடுத்து வைக்க மிச்சம் என்ன இருக்கு?"

அமாலியா குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள், சத்தமில்லாமல். "எனக்குத் தெரியும். நீ பார்த்தேன்னு சொன்னா பார்த்ததுதான். உன்னை நம்பித்தானே நான் பேரு வச்சேன்."

தொர்த்தேயா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

அவள் பார்த்தது வேறு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், அந்த நாள் காலை, வண்டி இழுக்கும் நாய்களின் வார் சிக்கிக்கொண்டதற்காக எசாயாஸ் அவள் முகத்தில் குத்தியிருந்தான். இரண்டு கடைவாய்ப்பற்கள் போயின. அதற்கு முந்தைய மாதம் விலா எலும்பு. அதற்கும் முன்னால் வேறு ஏதோ. வாயில் ஊறிய ரத்தத்தைத் துப்பிக்கொண்டே சறுக்குவண்டிக்குப் பின்னால் நடந்தாள். சீல் என்னும் கடல்நாய் ஏதாவது அகப்படுமா என்று பார்க்க அவன் முன்னால் போனான். அப்போதுதான் காலடியில் உறைந்திருந்த கடல்பனி பிளந்தது. அவன் விழவே இல்லை. அந்தப்பக்கத் துண்டில் இரண்டு காலையும் ஊன்றி நின்றான். நடுவில் ஒரு முழம் தண்ணீர். அப்புறம் ஒரு ஆள் உயரம். "கயிறு! தொர்த்தே, கயிறைப் போடு!" கயிறு அவள் கையில்தான் இருந்தது, சுருளாக. எறிந்தால் எட்டும். அவள் எறியவில்லை. அவ்வளவுதான் அவள் செய்தது. ஒன்றும் செய்யாமல் நின்றாள். துண்டு திறந்த கடலை நோக்கி நகர்ந்தது. அவன் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினான், பிறகு கத்தவில்லை. ஒரு கறுப்புக் குச்சி போலத் தெரியும் வரைக்கும் நின்றபடியே போனான்.

நாலாம் நாள் தங்கைக்குப் பிள்ளை பிறந்தது. மிதக்கும் பனியில் நாலு நாள் யார் தாங்குவார்கள் என்று தொர்த்தேயா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பெயர் வைத்தார்கள். அந்தச் சின்னக் கைகளை அவள் விரித்து விரித்து முத்தமிட்டாள். இந்தத் தடவை இந்தக் கை அடிக்கப் பழகாது, நான் பழக விடமாட்டேன் என்று நினைத்தாள். வேறு யாரையும் அவள் அப்படி நேசித்ததில்லை.

கப்பலில் மறுநாள் காலை குழந்தைக்கு முப்பத்து மூன்று டிகிரி. நகங்கள் நீலம் பாய்ந்திருந்தன. அழவில்லை, பால் கேட்கவில்லை. விமான நிலையத்திலிருந்து ஹெலிகாப்டர் வரவேண்டும். அங்கே மூடுபனி, சாயங்காலத்துக்கு முன்னால் கிளம்பாது என்று சொல்லிவிட்டார்கள்.

"அதுவரைக்கும் தாங்குவானா டாக்டர்?" என்று அமாலியா கேட்டாள்.

டாக்டர் தொர்த்தேயாவைப் பார்த்தார். கம்பளியை இன்னொரு சுற்றுச் சுற்றினார்.

கப்பல் ஃபியார்டின் தெற்கு முனைக்கு எதிரே நங்கூரம் போட்டது. கரையில் ஒரு பழைய வேட்டைக் குடிசை. பயணிகள் கரை இறங்க ஆரஞ்சு அங்கிகளோடு வரிசையில் நின்றார்கள். அப்போது கரையிலிருந்து ஒரு சீழ்க்கை வந்தது.

மூன்று குட்டையாக. ஒன்று நீளமாக.

ஓடிக்கொண்டிருக்கும் நாய்களை நிறுத்த ஊதுவது. ஒவ்வொரு வேட்டைக்காரனுக்கும் ஒவ்வொரு மாதிரி. ஒருவனுடையது இன்னொருவனுக்கு வராது. இது எசாயாஸ் ஊதுவது. படிக்கட்டு மேல் நின்ற அமாலியாவின் தோளில் துணிபோலக் கிடந்த குழந்தை தலையைத் தூக்கினான். நேற்றிலிருந்து பெயருக்குத் திரும்பாதவன், கரையைப் பார்த்துத் திரும்பினான்.

"ஏதாவது பறவையா?" என்றார் ஸ்டெய்னார், பயணக்குழுத் தலைவர், நார்வேக்காரர்.

"பறவைதான். நான் முன்னால போய்ப் பார்த்துட்டு வரேன்."

"வழக்கம்போல நாம ரெண்டு பேரும் போவோம். உன் மூஞ்சியைப் பார்த்தா, கரடி வந்தா நீயே கடிச்சுடுவ போலிருக்கு."

அவள் சிரிக்கவில்லை. துப்பாக்கியை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு ரப்பர் படகில் உட்கார்ந்தாள். கரையை நெருங்க நெருங்க ஒரு வாடை வந்தது. சீல் கொழுப்பு கெட்டுப்போன வாடை. அதற்கடியில் வியர்வை, ஈரக் கம்பளி, புகை. மனுஷ வாடை. படுக்கையில் பக்கத்தில் கிடந்து அவளுக்குப் பழகிப்போன வாடை.

ஸ்டெய்னார் படகோடு தண்ணீர் ஓரத்தில் நின்றார். "மேட்டு வரைக்கும் பாரு. வாக்கி டாக்கியை ஆன்லயே வை. ஏதாவதுன்னா உடனே கூப்பிடு."

குடிசையின் கதவு கீலோடு பெயர்ந்து கிடந்தது. உள்ளே தரையெல்லாம் தோலும் எலும்பும். ஒரு சீல் பாதியில் கிடந்தது, பச்சையாக. கரடி தின்றால் கிழித்துத் தின்னும். இதில் சின்னச் சின்னதாக, வட்ட வட்டமாகக் கடித்திருந்தது. தட்டையான பற்களின் தடம். சுவரில் கரியால் ஏதோ எழுத முயன்றிருந்தார்கள். ஒரு கோடு. அதன் கீழே இன்னொரு கோடு. அடுத்து என்ன எழுத்து என்று தெரியாமல் அங்கேயே கை நின்றுபோனது போல. மறுபடி அதே கோடு. நூறு இருநூறு தடவை, கூரை வரைக்கும்.

அவள் வெளியே வந்தாள். மேடு ஏறினாள். காலடியில் கூழாங்கற்கள் நறநறத்தன. அவள் நின்றாள். சத்தம் நிற்கவில்லை. இன்னும் இரண்டு காலடி கேட்டது. அப்புறம் அதுவும் நின்றது.

மேட்டுக்கு அந்தப்புறம், பட்டப்பகல் வெயிலில், அவன் நின்றான். நிழலோ மூடுபனியோ ஒன்றும் இல்லை. தெளிவாகத் தெரிந்தான். கரடித்தோல் கால்சட்டை அவள் தைத்ததுதான், முழங்காலில் அவள் போட்ட ஒட்டுத் தையல். அதற்கு மேலே தோல் எலும்பில் ஒட்டி, உப்பில் காய்ந்த மீனைப் போலக் கறுத்திருந்தது. உதடுகள் இல்லை. உறைந்து உதிர்ந்திருக்க வேண்டும். பற்கள் எப்போதும் சிரித்தபடி வெளியே தெரிந்தன. கண்கள் மட்டும் ஈரமாக, புதிதாக, ஒரு குழந்தையின் கண்களைப் போல இருந்தன. அந்தக் கண்களை அவளுக்குத் தெரியும். நேற்று வரைக்கும் அவை அமாலியாவின் மடியில் இருந்தன.

"தொர்த்தே," என்றான்.

அவள் துப்பாக்கியைத் தூக்கினாள்.

"தொர்த்தே, கோபமில்ல. அடிக்க வரல." உதடில்லாத வாயிலிருந்து சொற்கள் ஒழுகின. "ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போ. என் பேரு என்ன?"

கீழே கப்பல் தெரிந்தது, பொம்மை மாதிரி வெள்ளையாக.

"பனியில போகும்போது இருந்துச்சு. நாலாவது நாள் யாரோ எடுத்துட்டாங்க. வாயில வரல. பேரில்லாம சாகவும் முடியல, தொர்த்தே. இப்ப கிட்ட வந்திருக்கு. இங்கதான் எங்கேயோ இருக்கு. பாதி வந்துடுச்சு. நீ சொல்லிட்டா மீதியும் வந்துடும்."

சொன்னால் அவனுக்கு வந்துவிடும். சொல்லாவிட்டால் மெல்ல மெல்ல வரும். எப்படியும் அந்த மடியிலிருந்துதான் வரவேண்டும். இவன் செத்தவனாக இருந்தால்தான் அந்தப் பெயர் பிள்ளைக்கு.

அப்படித்தான் அவள் கணக்குப் போட்டாள்.

சுட்டாள்.

மார்பில். தோல் கிழிந்து தூள் பறந்தது. ரத்தம் அப்புறம்தான் வந்தது, தார் போல, மெல்ல. அவன் இரண்டடி பின்வாங்கினான். குனிந்து ஓட்டையைப் பார்த்தான்.

"என் பேரு என்ன?"

வயிற்றில். மண்டியிட்டான்.

"சொல்லு."

தோளில். கை தொங்கியது. தவழ்ந்தான். அவளை நோக்கி. அவள் பின்னால் நகர்ந்தாள். கல் தடுக்கியது. மல்லாக்க விழுந்தாள். வலது கை அவள் கணுக்காலைப் பிடித்தது. அந்தப் பிடி. அதே பிடி. அவள் மற்ற காலால் அந்தக் கையை மிதித்தாள். விரல்கள் காய்ந்த சுள்ளி போல ஒடிந்தன. மறுபடி மிதித்தாள். விரல்கள் புறங்கைப் பக்கம் மடங்கின. பிடி விடவில்லை. துப்பாக்கி முனையை அவன் தொண்டையில் ஊன்றினாள்.

"தொர்த்தே..."

நாலாவது.

முகத்தில் சூடாகத் தெறித்தது. அவள் வாயில் விழுந்தது. உப்பு.

பிடி விட்டது. அவன் அசையவில்லை. அவள் வாயைக் கையால் வழித்துத் துப்பினாள். பிறகு அவனைக் காலைப் பிடித்து இழுத்துப் பாறை இடுக்கில் தள்ளி, கையில் நகம் பெயரும் வரைக்கும் கல் போட்டு மூடினாள். அவன் காதிருக்கும் இடம் பார்த்துக் குனிந்து, கடைசிக் கல்லை வைக்கும்போதுதான் சொன்னாள். "எசாயாஸ். உன் பேரு எசாயாஸ். இப்பப் போய்ச் சேரு."

வாக்கி டாக்கி கத்திக்கொண்டிருந்தது. "தொர்த்தே! நாலு வெடி கேட்டுச்சு! தொர்த்தே!"

"கரடி. விரட்டிட்டேன்."

"உன் மேல ரத்தம்?" என்று கேட்டார் ஸ்டெய்னார், அவள் இறங்கி வந்ததும்.

"மூக்குல அடிபட்டுச்சு. விழுந்துட்டேன். போலாம். யாரையும் இங்க இறக்க வேண்டாம்."

அவர் அவளையும் மேட்டையும் மாறி மாறிப் பார்த்தார். மேலே எதுவும் கேட்காமல் படகைத் தள்ளினார்.

கப்பலின் பக்கவாட்டுக் கதவிலேயே அமாலியா நின்றிருந்தாள். முகம் முழுக்கக் கண்ணீர், சிரிப்பு.

"அக்கா! திரும்பிட்டார்! கொஞ்ச நேரத்துக்கு முன்னால, சும்மா கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன், டக்குனு திரும்பிட்டார்! கஞ்சி கேட்கறார்! ரெண்டு கிண்ணம் தின்னுட்டார்! டாக்டர் இப்ப ஹெலிகாப்டர் வேண்டாம்னு சொல்லப் போயிருக்கார்."

 தொர்த்தேயா முகத்தைக் கூடக் கழுவாமல் ஓடினாள். சாப்பாட்டுக் கூடத்தில் பயணிகள் வட்டமாக நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் தரையில், முகமெல்லாம் கஞ்சியோடு, கழுத்தும் கையும் மூடிய கம்பளிச்சட்டையோடு குழந்தை உட்கார்ந்திருந்தான்.

"எசாயாஸ்," என்றாள் அவள்.

திரும்பினான். சிரித்தான். பால்பற்கள் அத்தனையும் தெரிய.

"பார்த்தியா? பார்த்தியா? பொண்டாட்டி குரல்னா மட்டும் உடனே திரும்பறார் திருடர்!" அமாலியா மண்டியிட்டு அவன் கஞ்சிச் சட்டையைத் தலைவழியே உருவினாள். "எங்க, எல்லாருக்கும் சொல்லுங்க பார்ப்போம். யாருங்க நீங்க? உங்க பேரு என்ன?"

கைதட்டல் ஒவ்வொன்றாக நின்றது.

வெள்ளை மார்பில் ஓர் ஓட்டை. தொப்புளுக்கு மேலே ஒன்று. தோளில் ஒன்று. தொண்டைக்குழியில் ஒன்று. சுற்றிலும் சுத்தமாக, வட்டமாக. ஒரு துளி ரத்தம் இல்லை. உள்ளே இருட்டு.

குழந்தை, தன்னைக் காட்டும் எல்லாக் குழந்தைகளையும் போல, இடது கை விரலை மார்பில் வைத்தான். விரல் உள்ளே போயிற்று, இரண்டாவது கணு வரைக்கும்.

"எசாயாஸ்," என்றான். மழலை இல்லை. தொண்டை ஓட்டையில் காற்று சீழ்க்கையடித்தது.

அமாலியாவின் கையிலிருந்து சட்டை நழுவியது. யாரோ ஒரு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பின்வாங்கினார்கள். யாரோ ஓடினார்கள். குழந்தை எழுந்து தொர்த்தேயாவை நோக்கி நடந்து வந்தான். அடி வைக்க வைக்க மரத்தரை முனகியது. அவள் முன்னால் வந்து நின்று இரண்டு கைகளையும் தூக்கினான். வலது கையின் விரல்கள் நாலும் புறங்கைப் பக்கம் மடங்கியிருந்தன.

"தூக்கு, தொர்த்தே."

அவளால் என்ன செய்ய முடியும்? இரண்டு வருஷமாக அந்தக் கைகள் நீண்டபோதெல்லாம் அவள் தூக்கியிருக்கிறாள். இப்போதும் குனிந்தாள். அக்குள்களில் கை கொடுத்தாள். தூக்கினாள். வரவில்லை. ஒரு விரற்கடை கூட எழவில்லை. தண்ணீரில் ஊறிய ஒரு முழு ஆணின் கனம். சின்னக் கைகள் அவள் கழுத்தைச் சுற்றி வந்து பின்னால் பூட்டிக்கொண்டன, அன்பாக, இறுக்கமாக. கன்னத்தோடு கன்னம் வைத்தான். சூடாக இருந்தது. அவளைக் கீழே இழுக்கத் தொடங்கினான். மெல்ல. ஒரு முழம். இன்னொரு முழம். அவள் நெற்றி தரையில் பட்டது. மரத்தரை பனி போலப் பிளந்தது. அதற்கடியிலிருந்து கறுப்புத் தண்ணீர் அவள் உதடு வரைக்கும் ஏறி வந்தது.